வாரியம் வாக்களிக்கும் முன்பே: கலிஃபோர்னியாவில் பள்ளியின் வாசிப்புப் பாடத்தையும் விளையாட்டுத் திடலையும் சீர்செய்ய ஒரு வழிகாட்டி

கலிஃபோர்னியாவில் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு, இங்கே பெற்றோர் எதைக் கேட்கலாம், யாரிடம் கேட்கலாம் என்று தெரியாமல் நிற்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பள்ளியில் இரண்டு விஷயங்கள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தன. சின்ன வகுப்புகளில் ஆங்கிலம் வாசிக்கக் கற்றுத்தரும் முறை ஒன்று. சறுக்குமரத்தடியில் மரச்சில்லுகள் தேய்ந்து இறுகிய மண் தெரிந்த விளையாட்டுத் திடல் மற்றொன்று. இரண்டுக்காகவும் முதல்வர் அறை, பள்ளி மாவட்ட அலுவலகம், பள்ளி வாரியம், பிடிஏ எனப்படும் பெற்றோர்–ஆசிரியர் சங்கம் என்று ஏறி இறங்கினேன். யாரும் மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. ஆனால் எதை எப்போது கேட்க வேண்டும் என்பதை யாரும் தாமாகச் சொல்லவும் இல்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது காலம். வாரியம் வாக்களிக்கும் இரவில் போய் ஒலிபெருக்கி முன் நின்று பேசினால் அநேகமாக எதுவும் மாறாது. அந்த முடிவு பல மாதங்களுக்கு முன்பே ஒரு குழுவில், ஓர் அறையில், பத்துப் பதினைந்து பேர் நடுவில் உருவாகியிருக்கும். அந்த அறைக்குள் கையில் காகிதத்தோடு போவதற்கான வழிதான் கீழே இருப்பது. மற்ற மாநிலங்களில் சட்டமும் நாள் கணக்கும் வேறுபடும். நான் சொல்வது கலிஃபோர்னியா நடைமுறை.

1. யார் எதை முடிவு செய்கிறார்கள்?

பள்ளி மாவட்டம் இங்கே தனி உள்ளாட்சி அமைப்பு. மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் இருக்கும். மாவட்ட நிர்வாகத்தின் தலைவராக வாரியம் ஒரு சூப்பரிண்டெண்டெண்டை நியமிக்கும். எந்தப் பாடநூலை வாங்குவது என்பதை மாவட்டத்தின் கல்விப் பிரிவு ஆசிரியர் குழு ஒன்றை அமைத்துப் பரிந்துரைக்கும், வாரியம் ஒப்புதல் தரும். திடலோ, கட்டடங்களைப் பராமரிக்கும் 'வசதிகள் பிரிவு' என்ற துறையின் பொறுப்பு. ஆகவே வகுப்பாசிரியரிடம் பாடத்திட்டத்தைப் பற்றி வாதாடாதீர்கள். அது அவர் தேர்ந்தெடுத்ததே அல்ல. பல நேரங்களில் உங்களைவிட அதிக மனக்குறை அவருக்கு இருக்கும்.

பெற்றோருக்கு வாக்குள்ள இடங்கள் சில உண்டு. பெரும்பாலான பள்ளிகளில் செயல்படும் 'ஸ்கூல் சைட் கவுன்சில்' அந்தப் பள்ளியின் ஆண்டுத் திட்டத்தையும் அதற்கான செலவையும் நிறைவேற்றுகிறது. அதில் பெற்றோர் உறுப்பினர் உண்டு. ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் 21 பேரோ அதற்கு மேலோ உள்ள பள்ளியில், அவர்களுக்காக 'ஈலாக்' என்ற ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். மாவட்டத்தில் 51 பேரோ அதற்கு மேலோ இருந்தால், மாவட்ட அளவில் 'டிலாக்' என்ற குழு. நம்மவர்கள் பெரும்பாலோர் பிடிஏவில் பணம் கட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வாசிப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் ஈலாக்தான் நல்ல இடம். ஆள் கிடைக்காமல் தேடிக்கொண்டிருப்பார்கள், கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள்.

சேர்க்கையின்போது நிரப்பும் வீட்டு மொழிப் படிவத்தில், தேர்வு வைத்துவிடுவார்களோ என்று பயந்து 'ஆங்கிலம்' என்று எழுதும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் தமிழ் பேசினால் தமிழ் என்றே எழுதுங்கள். பிள்ளைக்கு ஆங்கிலத் திறனை அளக்கும் 'எல்பாக்' தேர்வு வைப்பார்கள். தேவைப்பட்டால் ஆங்கில மொழி வளர்ச்சிக்கான தனிப் பாடம் கிடைக்கும், அது மாவட்டத்தின் கடமை. பொய் எழுதினால் அந்த உதவியைப் பிள்ளை இழக்கும்.

விசாவில் இருக்கிறோமே, பேசலாமா என்ற தயக்கம் வேண்டாம். வாரியக் கூட்டத்தில் பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. 'பிரவுன் சட்டம்' எனப்படும் கூட்டச் சட்டத்தின்படி, கூட்டத்துக்கு வருவதற்காகப் பெயரைப் பதிவு செய்யச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது. வாரியத் தேர்தலில் வாக்களிக்க மட்டும் குடியுரிமை வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ இதற்கு விலக்கு: 2016இல் அந்நகர வாக்காளர்கள் நிறைவேற்றிய தீர்மானத்தால், குடியுரிமை இல்லாத பெற்றோரும் அங்கே பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்கலாம்.

2. ஆண்டு நாட்காட்டியைச் சுவரில் ஒட்டுங்கள்

பள்ளி திறந்த முதல் எட்டு வாரங்களுக்குள், எல்லா மாணவருக்கும் பாடநூல் போதுமான அளவு இருக்கிறதா என்று வாரியம் ஒரு பொது விசாரணை நடத்தியாக வேண்டும். அதிகம் பேர் வராத கூட்டம் அது. பாடநூல் பற்றி முதல் குரல் கொடுக்க ஏற்றது.

புதிய பாடநூல் தேர்வு நடக்கும் ஆண்டில், குழு இலையுதிர் காலத்தில் அமையும். இரண்டு மூன்று பாடத்திட்டங்களைச் சில வகுப்புகளில் சோதனையாக நடத்திப் பார்ப்பார்கள். வசந்த காலத்தில் குழு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், மே அல்லது ஜூனில் வாரியம் வாக்களிக்கும், ஆகஸ்டில் வகுப்புக்கு வரும். நீங்கள் நுழைய வேண்டிய காலம் செப்டம்பர் முதல் ஜனவரி வரை.

பணத்துக்கு வேறு ஓட்டம். இலக்குகளையும் செலவையும் சொல்லும் 'எல்கேப்' என்ற மாவட்டத் திட்டத்தை ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1க்குள் நிறைவேற்ற வேண்டும். அதற்கு முன் ஒரு பொது விசாரணை, பிறகு வேறொரு கூட்டத்தில் வாக்கெடுப்பு. நடப்பாண்டுத் திட்டம் எங்கே நிற்கிறது என்ற இடைக்கால அறிக்கை பிப்ரவரி இறுதிக்குள் வாரியத்துக்கு வரும். அந்த அறிக்கையைப் படித்துவிட்டு மார்ச்சில் கேளுங்கள். ஜூன் விசாரணையில் கேட்டால், "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்ற பதில்தான் கிடைக்கும்.

3. ஆவணங்களைக் கேட்டு வாங்குவது

இதற்கு மூன்று வழிகள் உண்டு. எளியதில் தொடங்குங்கள்.

முதல் வழி, நேரில் பார்ப்பது. கலிஃபோர்னியாக் கல்விச் சட்டம் 49091.10 பிரிவின்படி, பாடநூல், ஆசிரியர் கையேடு, துணைப் பாடங்கள், மதிப்பீட்டுத் தாள்கள் எல்லாவற்றையும் பெற்றோர் கேட்டால் காட்ட வேண்டும். எழுத்தில் கேட்டு, வகுப்பு நடப்பதை உட்கார்ந்து பார்ப்பதற்கும் அதே பிரிவில் இடமுண்டு. பாடப்பொருள்களைப் பார்வையிடும் உரிமை அமெரிக்க ஒன்றிய அரசின் மாணவர் உரிமைச் சட்டத்திலும் இருக்கிறது. முதல்வருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும்: எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்த நாள்களில் வர முடியும். பதிப்பகக் கையேடுகளை நகலெடுக்க விடமாட்டார்கள், காப்புரிமை இருக்கிறது. குறிப்பேடு எடுத்துப் போங்கள்.

இரண்டாவது, பொது ஆவணச் சட்டம். நம்மூர் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போன்றது. கேள்வி கிடைத்த 10 நாள்களுக்குள் ஆவணம் தர முடியுமா முடியாதா என்று மாவட்டம் சொல்ல வேண்டும்; குறிப்பிட்ட காரணங்கள் இருந்தால் மேலும் 14 நாள் எடுத்துக்கொள்ளலாம். இந்த 10 நாள் பதில் சொல்வதற்கான கெடு மட்டுமே. ஆவணம் கைக்கு வர வாரங்கள் ஆகலாம். ஆகவே தேவைப்படும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே கேளுங்கள். மின்னணுக் கோப்பாகக் கேட்டால் பெரும்பாலும் செலவே இராது. காகித நகலுக்கு நகலெடுக்கும் செலவை மட்டும் வாங்கலாம்.

"வாசிப்பு தொடர்பான எல்லா ஆவணங்களும் வேண்டும்" என்று எழுதினால் அந்தக் கடிதம் மாதக்கணக்கில் இழுக்கும். பெயர் சொல்லிக் கேளுங்கள்: சோதனை வகுப்புகளின் மதிப்பெண் தாள்கள், தேர்வுக் குழுவின் மதிப்பீட்டு அட்டவணை, பதிப்பகம் கொடுத்த விலைப்புள்ளி, தற்போதைய ஒப்பந்தம் முடியும் தேதி. திடலுக்கு: கடைசிப் பாதுகாப்பு ஆய்வறிக்கை, கடந்த இரண்டு ஆண்டுகளின் பழுதுபார்ப்புக் கோரிக்கைகள், மரச்சில்லு வாங்கிய ரசீதுகள். ரசீதுகளைக் கேட்டால்தான் கடைசியாக எப்போது கொட்டினார்கள் என்பது தெரியவரும்.

மூன்றாவது, 'வில்லியம்ஸ் புகார்'. 2004இல் முடிந்த ஒரு வழக்கின் சமரசத்தில் பிறந்த உரிமை இது. பாடநூல் பற்றாக்குறை, மாணவர் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ அவசர ஆபத்து தரும் கட்டடக் குறைபாடு ஆகியவற்றுக்குப் பயன்படும். எப்படிப் புகார் செய்வது என்ற அறிவிப்பு ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒட்டப்பட்டிருக்கும்; பெயர் போடாமலும் கொடுக்கலாம். நியாயமான புகாரை 30 வேலை நாள்களுக்குள் சரிசெய்ய வேண்டும். பாடநூலின் தரம் பற்றிய குறைக்கு இது பயன்படாது. நூல் இல்லை என்பதற்குத்தான். இதைச் சின்னக் குறைகளுக்கு எடுத்துவிட்டால் பள்ளியோடு உறவு கசந்துபோகும். கையில் இருக்கட்டும், அவசரத்துக்கு மட்டும்.

4. வாசிப்புப் பாடத்தைப் படித்துப் பார்ப்பது

நமக்குத் தமிழ் எழுத்து பழகிய விதம் இங்கே நல்ல துணை. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவதைக் கற்ற பிள்ளை, பொருள் தெரியாத தமிழ்ச் சொல்லையும் எழுத்துக் கூட்டி வாசித்துவிடும். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு சிக்கலானது. ஆனாலும் உறவு இருக்கிறது. அதை முறையாகக் கற்றுத்தருவதுதான் ஃபோனிக்ஸ். அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டு அமைத்த தேசிய வாசிப்புக் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கை, சொல்லுக்குள் இருக்கும் தனி ஒலிகளை உணர்தல், ஃபோனிக்ஸ், சரளம், சொல்வளம், பொருள் உணர்தல் ஆகிய ஐந்தையும் அடிப்படையாக வைத்தது. அதற்கு முன்பே 1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள், வாசிப்பு என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கிக் கிடைப்பது என்றார்கள். ஒன்று பூச்சியமானால் மொத்தமும் பூச்சியம். பாடத்திட்டத்தைக் கையில் எடுக்கும்போது இந்தப் பெருக்கலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழலையர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரைக்கும் நான்கு பொருள்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: எந்த வாரம் எந்த ஒலி என்ற வரிசை, ஆசிரியர் கையேடு, பிள்ளைகள் வாசிக்கும் சிறு புத்தகங்கள், மதிப்பீடு.

சிறு புத்தகங்களில் தொடங்குங்கள். நான் பார்த்த ஒன்றில் பக்கத்துக்கு ஒரு படம், கீழே ஒரு வரி. 'ஐ சீ எ கேட்', 'ஐ சீ எ டாக்', 'ஐ சீ எ ஹார்ஸ்'. மூன்றாவது பக்கத்துக்குள் பிள்ளைக்குப் பாங்கு மனப்பாடமாகிவிடும். கடைசிச் சொல்லுக்குப் படத்தைப் பார்த்தால் போதும். பக்கத்திலிருக்கும் படத்தை உள்ளங்கையால் மூடிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். 'ஹார்ஸ்' என்ற இடத்தில் பிள்ளை நின்றாலோ, 'போனி' என்று சொன்னாலோ, அது வாசிக்கவில்லை, ஊகித்திருக்கிறது. இன்னொரு வகைப் புத்தகத்தில், கற்றுத்தந்த ஒலிகளை மட்டும் வைத்தே கதை நகரும். 'ஷ' ஒலி கற்ற வாரத்தில் 'ஷிப்', 'ஃபிஷ்', 'ஷாப்' என்று வரும். கதை சற்று வறட்சியாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் பிள்ளை தானே கூட்டிப் படிக்க முடியும். இந்த இரண்டாவது வகை போதுமான அளவு இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து ஆசிரியர் கையேடு. பிள்ளை ஒரு சொல்லில் தடுமாறினால் ஆசிரியர் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கும் இடத்தைத் தேடுங்கள். "படத்தைப் பார்", "இங்கே எந்தச் சொல் பொருந்தும் என்று யோசி", "முதல் எழுத்தைப் பார்த்துச் சொல்" என்று இருந்தால், பல மாநிலங்கள் சட்டம் போட்டு விலக்கிவரும் பழைய முறை அது. "ஒலிகளைச் சேர்த்துப் படி" என்று இருந்தால் நல்லது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் கேள்வி எழுப்பியவுடன், "எங்களிடம் ஃபோனிக்ஸ் இருக்கிறதே" என்பார்கள். இருக்கும்தான். தனியாக வாங்கிய ஒரு ஃபோனிக்ஸ் பாடம் காலையில் சிறிது நேரம் நடக்கும். மீதி நேரம் முழுவதும் ஊகிக்கும் புத்தகங்களே ஓடும். ஆகவே "இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "அன்று காலையில் கற்ற ஒலியைப் பிள்ளை அன்றே எந்தப் புத்தகத்தில் வாசிக்கும்?" என்று கேளுங்கள்.

பெருக்கலின் மறுபாதியை நம் பெற்றோர் மறந்துவிடக் கூடாது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை எழுத்துக் கூட்டுவதில் கெட்டிக்காரனாக இருந்தாலும், ஆங்கிலச் சொல்வளத்தில் பின்தங்கியிருக்கலாம். பாடப் பகுதிகள் ஒரே பொருளைப் பல வாரம் தொடர்ந்து பேசுகின்றனவா, அல்லது இன்று தவளை, நாளை தீயணைப்பு வண்டி என்று தாவுகின்றனவா என்று பாருங்கள். தொடர்ந்து பேசினால் சொற்கள் திரும்பத் திரும்ப வந்து பதியும். ஆங்கிலம் கற்கும் மாணவருக்கான பகுதி கையேட்டின் ஓரத்தில் இரண்டு வரிக் குறிப்பாக மட்டும் இருந்தால், அதை ஈலாக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

பாடத்திட்டங்களைப் பற்றி வெளி அமைப்புகள் செய்த மதிப்பீடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 'எட்ரிப்போர்ட்ஸ்' பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தரம் போடும். மாவட்டங்கள் பச்சையைக் காட்டியே வாதத்தை முடித்துவிடும். அது தொடக்கம் மட்டுமே. 'ரீடிங் லீக்' அமைப்பின் பாடத்திட்ட மதிப்பீட்டுக் கையேடு, எச்சரிக்கை அடையாளங்களை வாசிப்புத் திறன் வாரியாகப் பட்டியலிடுகிறது. பெற்றோர் கையில் அதுதான் அதிகம் பயன்படும். அச்சிட்டு எடுத்துப் போய், கையேட்டின் பக்க எண்ணோடு நிரப்புங்கள்.

மாநிலத் தேர்வு முடிவுகள் பள்ளி வாரியாக வெளியாகின்றன. மூன்றாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணை, குறைந்த வருமானக் குடும்பங்கள், ஆங்கிலம் கற்போர் என்று பிரித்துப் பாருங்கள். மொத்த மதிப்பெண் உயர்ந்திருப்பதால் பாடத்திட்டம் நல்லது என்று முடிவுகட்டாதீர்கள். நம் பகுதிகளில் டியூஷனுக்கு அனுப்பும் குடும்பங்கள் அதிகம். அந்தப் பணம் பாடத்திட்டத்தின் ஓட்டையை மூடிவிடுகிறது. டியூஷனுக்கு வழியில்லாத பிள்ளையின் மதிப்பெண்தான் பள்ளி எதைக் கற்றுத்தந்தது என்று காட்டும்.

இன்னொன்று: 2025–26 கல்வியாண்டிலிருந்து, மழலையர் முதல் இரண்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசிப்புச் சிரமத்தைக் கண்டறியும் சோதனை ஆண்டுதோறும் நடக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். முடிவை 45 நாள்களுக்குள் பெற்றோருக்குத் தர வேண்டும். வரவில்லையென்றால் கேளுங்கள்.

விலையில் புத்தக விலையோடு நிற்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வாங்கும் பயிற்சி ஏடுகள், மென்பொருள் உரிமம், ஆசிரியர் பயிற்சி நாள்கள் ஆகியவையும் சேர வேண்டும். ஒப்பந்தம் முடியும்வரை ஆகும் மொத்தச் செலவை ஒரே தாளில் கேளுங்கள். ஆசிரியர் பயிற்சிக்குப் பணம் ஒதுக்காமல் புத்தகத்தை மட்டும் வாங்கும் மாவட்டம், நல்ல பாடத்திட்டத்தையும் வீணாக்கிவிடும்.

5. வாரியக் கூட்டத்தில் மூன்று நிமிடம்

வழக்கமான கூட்டத்தின் அஜெண்டா 72 மணி நேரம் முன்பே வெளியாகும். பேச ஒருவருக்குப் பெரும்பாலும் மூன்று நிமிடம். கூட்டம் அதிகமென்றால் குறைப்பார்கள். ஒரு நிமிடத்தில் சொல்லக்கூடிய சுருக்கத்தையும் தயாராக வைத்திருங்கள்.

அஜெண்டாவில் இல்லாத விஷயத்தைப் பற்றி நீங்கள் பேசினால், வாரியம் அதை விவாதிக்கவோ முடிவெடுக்கவோ சட்டம் இடம் தராது. புதிதாகப் போகிறவர்கள், பேசி முடித்ததும் ஒருவரும் பதில் சொல்லாததைப் பார்த்து அவமானப்பட்டதாக நினைத்துத் திரும்புகிறார்கள். மௌனம் சட்டத்தால் வந்தது. பொருளை அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லிப் பொதுமக்கள் எழுத்தில் கேட்கவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. முன்கூட்டியே மாவட்டத்தின் படிவத்தைக் கேட்டு நிரப்பிக் கொடுங்கள்.

கூட்டத்தைவிட, உங்கள் பகுதி வாரிய உறுப்பினரை நேரில் அரை மணி நேரம் பார்ப்பது பயன் தரும். எல்லா உறுப்பினருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பலாம். ஆனால் அவர்கள் அந்த மின்னஞ்சல் தொடரில் தங்களுக்குள் விவாதிக்கக் கூடாது. ஆகவே பொதுப் பதிலை எதிர்பார்க்காமல், தனித்தனியே சந்திப்பு கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் சில நாள்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

பேசும்போது பிள்ளைகளின் பெயரையோ ஆசிரியரின் பெயரையோ சொல்லாதீர்கள். பல மாவட்டங்களில் கூட்டம் காணொளியாகப் பதிவாகி இணையத்தில் தங்கிவிடும். கையேட்டின் பக்கம், விலை, தேதி ஆகியவற்றைச் சொல்லுங்கள். அவற்றை மறுக்க ஒருவருக்கு உழைப்பு வேண்டும்.

6. திடலை அளந்து பாருங்கள்

"திடல் பழசாகிவிட்டது" என்ற புகாரால் ஒன்றும் நகராது. "ஊஞ்சலடியில் மரச்சில்லு நான்கு அங்குலம்தான் இருக்கிறது" என்ற ஒரு வரி நகர்த்தும். தேவையானவை: அளவு நாடா, கூர்மையில்லாத மரக் குச்சி, கைபேசி. முதல்வரிடம் சொல்லிவிட்டு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் போங்கள். படங்களில் பிள்ளைகள் விழக் கூடாது.

அளவுகோலாக, அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் பொது விளையாட்டுத் திடல் பாதுகாப்புக் கையேட்டை வைத்துக்கொள்ளுங்கள். இலவசம். அதில் பெற்றோருக்கு வேண்டியவை கொஞ்சம்தான்.

விழும் தளம்தான் முதலில். மரச்சில்லு போன்ற தளர்ந்த பொருள் இறுகிய நிலையில் குறைந்தது 9 அங்குலம் இருக்க வேண்டும். துண்டாக்கிய ரப்பருக்கு 6. தளர்ந்த பொருள் குறைந்தது கால்வாசி இறுகிவிடும் என்பதால், கொட்டும்போதே 12 அங்குலம் கொட்ட வேண்டும். 9 அங்குல மரச்சில்லு 10 அடி உயரத்திலிருந்து விழுவதற்குத் தாங்கும். அதே ஆழம் மணல் 4 அடிக்குத்தான். புல்லும் வெறும் மண்ணும் கணக்கிலேயே வராது. ஊஞ்சலின் கீழும் சறுக்குமரத்தின் வாயிலும் கால் உரசி உரசிப் பள்ளமாகிவிடும். திடலின் நடுவில் அளந்து 'சரியாக இருக்கிறது' என்று எழுதிய ஆய்வறிக்கையைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் பள்ளத்தில் அளந்து, குச்சியை நாடாவோடு சேர்த்துப் படமெடுங்கள்.

அடுத்து இடைவெளிகள். 3.5 அங்குலத்துக்கு மேல், 9 அங்குலத்துக்குக் கீழ் உள்ள மூடிய இடைவெளியில் பிள்ளையின் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும். கம்பித் தடுப்புகளையும் ஏணிப் படிகளையும் பாருங்கள். நிலையான உபகரணத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 அடிக்குப் பாதுகாப்பான தளம் வேண்டும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் அதைவிட அதிகம். துருத்தும் போல்ட்டுகளில் உடை மாட்டிக்கொள்ளும். இரண்டு முதல் ஐந்து வயதுக்கும், ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்கும் உபகரணங்கள் வேறு. சிறியவர்கள் பெரியவர்களின் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தால் அதையும் எழுதுங்கள்.

வெயில் காலத்தில் ரப்பர் தளமும் பிளாஸ்டிக் சறுக்குமரமும் தோலைச் சுடும் அளவுக்குக் காய்ந்துவிடும். பிற்பகல் வெயிலில் போய்ப் பாருங்கள். நிழல் இல்லாத திடல் பாதி நாளுக்குப் பயன்படாத திடல். 2024–25 முதல் தொடக்கப் பள்ளிகளில் வழக்கமான நாள்களில் குறைந்தது 30 நிமிட விளையாட்டு இடைவேளை கட்டாயம். அதைத் தண்டனையாகப் பறிக்கவும் கூடாது. திடலுக்குப் பணம் கேட்கும்போது இந்தச் சட்டம் வலுவான காரணம்.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை திடலுக்குள் போக முடிகிறதா? 2010ஆம் ஆண்டின் ஒன்றிய அணுகல் விதிகள் விளையாட்டுத் திடலுக்கும் பொருந்தும். மரத்தால் ஆன சுற்றுவரம்பு ஒரே இடத்திலாவது தரைமட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆபத்தானவற்றைத் தனி மின்னஞ்சலாக முதல்வருக்கு அன்றே அனுப்பி, பழுதுபார்ப்புக் கோரிக்கை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சில்லு கொட்டுவதற்கும் போல்ட்டை முடுக்குவதற்கும் புதுத் திட்டம் தேவையில்லை. இவற்றைப் புது உபகரணக் கோரிக்கையோடு கலந்துவிட்டால், எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போய்விடும்.

7. பணம் எங்கிருந்து?

பட்டியல் விலையைப் பார்த்து நிதி திரட்டத் தொடங்காதீர்கள். பழையதைப் பிரித்து அகற்றுவது, தரை சமன்செய்வது, சரக்குக் கட்டணம், தளம், பொருத்தும் கூலி, சக்கர நாற்காலிப் பாதை, ஆய்வு எல்லாம் சேரும்போது, உபகரண விலையளவுக்கு இன்னொரு தொகை எளிதில் வந்துவிடும். ஒரு தொடக்கப் பள்ளிக்கு முழுத் திட்டம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது இங்கே வழக்கம். ரப்பர் தளம் பார்க்க அழகு, பராமரிப்புக் குறைவு, ஆனால் விலை மிக அதிகம், வெயிலில் சுடும். திடலுக்கென்றே தயாரிக்கும் மரச்சில்லு மலிவு. ஆண்டுதோறும் நிரப்ப வேண்டும். அந்த ஆண்டுச் செலவை யார் ஏற்பது என்பதை எழுத்தில் வாங்காமல் தேர்ந்தெடுக்காதீர்கள்.

முதலில் மாவட்டப் பத்திர நிதியை, அதாவது வாக்காளர் ஒப்புதலோடு மாவட்டம் வாங்கும் கடனை, கேளுங்கள். 55 சதவீத வாக்குகளால் நிறைவேறும் பள்ளிப் பத்திரங்களுக்கு மக்கள் கண்காணிப்புக் குழு கட்டாயம், அதில் பெற்றோருக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பள்ளியின் திடல் திட்டப் பட்டியலில் இருக்கிறதா என்று அந்தக் குழுவிடம் கேட்டாலே தெரிந்துவிடும். பிடிஏ வசூலை முதலிலேயே தொடங்கினால், மாவட்டம் தன் கையை எடுத்துக்கொள்ளும்.

பிடிஏ பணத்தில் நம்மவர்கள் தவறவிடுவது நிறுவனங்களின் இணை நன்கொடை. பல தொழில்நுட்ப நிறுவனங்கள் ஊழியர் தரும் நன்கொடைக்குச் சமமாகத் தாமும் தருகின்றன. உங்கள் பிடிஏ அந்த நிறுவனத்தின் நன்கொடைத் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பொருளாளரிடம் கேளுங்கள். நிறுவனங்களுக்கு ஆண்டுக் கெடு உண்டு. டிசம்பர் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். பிடிஏ வாங்கித் தரும் உபகரணம் மாவட்டத்துக்குக் கொடை. வாரியம் ஏற்றுக்கொண்ட பிறகே அது பள்ளிக்குள் வர முடியும். பெற்றோர் சேர்ந்து ஒரு சனிக்கிழமையில் சறுக்குமரத்தை நிறுவிவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

முழுப் பணமும் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தார்த் தரையில் நொண்டிக் கட்டங்களும் பந்தாட்டக் கோடுகளும் வரைய பெயிண்டும் அச்சுத் தகடும் போதும். பந்துகளும் கயிறுகளும் வைத்த ஒரு வண்டி, இரண்டு பெஞ்சுகள், நிழல் தரும் மரக்கன்றுகள் ஆகியவற்றுக்கு முதல்வரின் ஒப்புதலும் வசதிகள் பிரிவின் ஒரு மின்னஞ்சலும் பெரும்பாலும் போதும். பெரிய திட்டம் நடக்கும் காலம் முழுவதும் பிள்ளைகளுக்கு இவை பயன்படும்.

8. ஒப்புதலும் கோடை விடுமுறையும்

பள்ளி மாவட்டம் செய்யும் கட்டுமான வேலை 15,000 டாலரை எட்டினால், மாநிலத்தின் மாற்று நடைமுறையில் சேராத மாவட்டங்கள் முறையாக ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். பல மாவட்டங்கள் கூட்டுக் கொள்முதல் ஒப்பந்தம் வழியாக வாங்கி நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. உங்கள் மாவட்டம் எதைப் பயன்படுத்துகிறது என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். 1,000 டாலருக்கு மேற்பட்ட பொதுப்பணிக்கு அரசு நிர்ணயித்த கூலி கொடுக்க வேண்டும்; தெரிந்த ஒப்பந்தக்காரர் சொன்ன மலிவு விலை இதனாலேயே நடைமுறைக்கு வராது.

நிழற்கூரை கேட்பவர்கள் கவனிக்க: கூரை கட்டமைப்புக்கு மாநிலக் கட்டடக்கலைப் பிரிவின் ஒப்புதல் பெரும்பாலும் தேவைப்படும். முன்பே சரிபார்க்கப்பட்ட வடிவமைப்புகளை விற்கும் நிறுவனங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் மாதங்கள் மிச்சம். சறுக்குமரத்தையும் கூரையையும் ஒரே கோப்பில் போட்டால், கூரைக்காகச் சறுக்குமரமும் காத்திருக்கும்.

நிறுவும் வேலை ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் முடிய வேண்டும். உபகரணம் தயாராகி வர மாதங்கள் ஆகும் என்பதால், வாரியத்தின் ஒப்புதல் பிப்ரவரி, மார்ச்சுக்குள் வேண்டும். அதற்கு விலைப்புள்ளிகள் டிசம்பரில், வடிவமைப்பு அக்டோபரில். செப்டம்பரில் தொடங்காதவர்களுக்கு அடுத்த கோடைதான்.

வேலை முடிந்ததும், சான்று பெற்ற திடல் பாதுகாப்பு ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்திட்ட அறிக்கை வந்த பிறகே திடலைத் திறக்க வேண்டும். அந்த அறிக்கை, உபகரண உத்தரவாதப் பத்திரம், தளத்தின் பராமரிப்பு அட்டவணை ஆகிய மூன்றின் நகலையும் பிடிஏ கோப்பில் வையுங்கள். முதல்வர்கள் மாறுவார்கள், பெற்றோர் பிள்ளைகளோடு நடுநிலைப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். அடுத்து வருபவர் குச்சியோடு அளக்க வரும்போது, கோப்பில் அந்த அட்டவணை இருக்க வேண்டும்.